கொட்டகையில் கிடக்கும் ஸ்பிட்ஃபயர்: கையில் நாலாயிரம் பவுண்டு இருந்தால் என்ன செய்யலாம்?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் 1976ஆம் ஆண்டின் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 என்ற இரண்டு இருக்கை கொண்ட சிறிய திறந்த கார் ஒன்று இருபது ஆண்டுகளாக ஓடாமல் கிடக்கிறது, உரிமையாளர் குறைந்த விலைக்குத் தர இசைந்திருக்கிறார், காரின் விலை போக நாலாயிரம் பவுண்டு கையில் இருக்கிறது, வீட்டை ஒட்டி ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கராஜும் சனி, ஞாயிறுகளும் இருக்கின்றன, என்ஜின் ஆயில் மாற்றியதைத் தவிர வேறு அனுபவம் இல்லை. இந்தக் காரை வாங்கி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். இதே காரின் முந்தைய வடிவமான மார்க் 4 ஒன்றை நான் கோவென்ட்ரியில் என் வீட்டுக் கராஜில் நான்கு ஆண்டுகள் வேலை செய்து சாலைக்குக் கொண்டுவந்தேன்; தொடங்கும்போது எனக்கும் உங்கள் அளவு அனுபவமே இருந்தது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டையும் செலவில் கணிசமான பங்கையும் நான் ஒரே தவறால் இழந்தேன். முதல் மாதத்திலேயே ஆர்வத்தில் கார் முழுவதையும் பிரித்துப் போட்டேன் என்பதே அந்தத் தவறு. எனவே கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: பணம் குறைவாக இருப்பவர் காரை ஒருபோதும் முழுதாகப் பிரிக்கக் கூடாது, ஒரு பகுதியைப் பிரித்து, சரிசெய்து, திரும்பப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

ஸ்பிட்ஃபயர் உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பொருத்தமான கார் என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு என்ற சாதாரணக் குடும்பக் காரின் முன், பின் சஸ்பென்ஷனையும் என்ஜினையும் எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு சிறிய முதுகெலும்பு போன்ற சேசிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், செய்து, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உடலை அதன்மேல் பொருத்தினார்கள். நிறுவனம் பணமுடையில் இருந்ததால் மாதிரிக் கார் தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணியால் மூடிக் கிடந்தது. 1961இல் லேலண்டு நிறுவனம் ட்ரையம்பை வாங்கிய பிறகே அது கண்ணில் பட்டு, 1962இல் விற்பனைக்கு வந்தது. 1980 வரை கோவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் செய்யப்பட்டன. எண்ணிக்கை இவ்வளவு அதிகம் என்பதாலும், உறுப்புகளில் பல மற்ற ட்ரையம்ப் கார்களுக்கும் பொது என்பதாலும், இன்றும் ஒரு சிறு ரப்பர் புஷ் முதல் கதவுக்குக் கீழே ஓடும் முழு ‘சில்’ தகடு வரை புதிதாகக் கிடைக்கின்றன. தமிழர்களான நமக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதே குடும்பம்தான். திருச்சியில் என் பெரியப்பா வைத்திருந்த ஹெரால்டின் முன்சக்கரத்துக்கு அவர் மாதந்தோறும் ஆயில் விட்டதை நான் சிறுவனாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் அதே வேலையை இன்று என் ஸ்பிட்ஃபயருக்குச் செய்கிறேன். அந்த வேலைக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில், காசைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கொட்டகையில் நீங்கள் பார்க்க வேண்டியது துருவை. என்ஜின் ஓடுகிறதா என்பது இரண்டாம் கேள்விதான். ஓடாத என்ஜினை நீங்களே சரிசெய்யலாம், அல்லது இன்னொன்றைத் தேடி வாங்கிப் பூட்டலாம். அரித்துப்போன உடலைச் சரிசெய்வதுதான் நாலாயிரம் பவுண்டையும் விழுங்கி மேலும் கேட்கும். ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேசிஸ் இருப்பதால் உடல் வெறும் மூடி என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஹெரால்டின் சேசிஸில் இரு பக்கமும் ஓரச்சட்டங்கள் இருந்தன. ஸ்பிட்ஃபயரில் அவற்றை எடுத்துவிட்டதால் அந்த வேலையைக் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் சில் தகடுகள் செய்கின்றன. உள்தகடு, நடுவில் வலுவூட்டும் தகடு, வெளித்தகடு என மூன்று அடுக்குகள் அவை. வெளித்தகடு பளபளவென்று இருந்து உள்ளே இரண்டும் பொடியாகியிருப்பது மிகச் சாதாரணம். பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்திருப்பதும் அப்படியே.

எனவே ஒரு சிறு காந்தம், டார்ச், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள்: கதவின் பின்விளிம்பில் அந்த இடைவெளி கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். பின்சக்கரங்களை முன்பக்கம் பிடித்து நிறுத்தும் ரேடியஸ் ஆர்ம் என்ற தண்டுகள் சேசிஸில் பூட்டப்படாமல் இருக்கைகளுக்குப் பின்னால் உடலில் பூட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கதவுக் கீல் தூணின் அடி, டிக்கியின் தரை, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு ஆகியவையும் அரிக்கும் இடங்கள்தாம். சேசிஸில் முன்பக்கச் சஸ்பென்ஷன் கோபுரங்களையும் பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்களையும் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை வர வேண்டும்.

பானட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயரின் முன்பாகம் முழுவதும், இரு மட்கார்டுகளும் சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடி என்ஜின் வேலை பார்க்கலாம் என்பதால் இதைவிட வசதியான கார் தொடக்கநிலையாளருக்குக் கிடைக்காது. ஆனால் அந்த பானட் பல தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த ஒன்று. அரித்துவிட்டால் ஒவ்வொரு தகடாக வாங்கி நேராகச் சேர்ப்பது தேர்ந்தவருக்கே கடினம். என் மதிப்பீட்டில், நல்ல பானட் உள்ள காரில் என்ஜின் பழுதாக இருப்பது, நல்ல என்ஜின் உள்ள காரில் பானட் அரித்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்; அவர் உள்ளே அமர்ந்து கிளட்ச்சை மிதிக்க, நீங்கள் என்ஜினின் முன்னால், அதன் பிரதான சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். மிதிக்கும்போதும் விடும்போதும் புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க் ஷாஃப்ட் நீளவாக்கில் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. ட்ரையம்பின் இந்தச் சிறிய என்ஜின்களுக்கு, குறிப்பாக 1493 சி.சி. கொண்ட உங்கள் 1500க்கு, இது தெரிந்த பலவீனம். அரைவட்ட வடிவில் இருக்கும் அந்த இரண்டு துண்டுகளும் மலிவானவை. என்ஜினை இறக்காமலேயே, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பின்பக்க மெயின் பேரிங் மூடியை எடுத்து மாற்றிவிடலாம். காடி வெட்டிய முகம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆனால் அவை முற்றிலும் தேய்ந்து சம்ப்பில் விழுந்த பிறகும் யாரேனும் ஓட்டியிருந்தால் கிராங்க்கும் பிளாக்கும் உரசி, என்ஜினே வீணாகியிருக்கும். விலை பேசும்போது இந்த ஒரு சோதனை உங்களுக்குப் பெரிதும் உதவும்.

இருபது ஆண்டு கிடந்த என்ஜினைக் கொட்டகையிலேயே பேட்டரி வைத்துச் சுழற்றிப் பார்க்க உரிமையாளர் ஆசைப்படுவார், பணிவாக மறுத்துவிடுங்கள். உலர்ந்த சிலிண்டரில் துருப்பிடித்த பிஸ்டன் வளையங்களை வலுக்கட்டாயமாக நகர்த்தினால் அவை உடையும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிட்டு, புல்லி நட்டில் நீண்ட ஸ்பேனர் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இலகுவாகச் சுற்றினால், பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிய 20 டபிள்யூ 50 ஆயில் நிரப்பி, பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை காத்திருந்து, அதன் பிறகே பிளக்கைப் பூட்ட வேண்டும். பெட்ரோலைப் பழைய தொட்டியிலிருந்து எடுக்கவே கூடாது. இருபது ஆண்டில் அது பிசினாக மாறி அடியில் துருவோடு கலந்திருக்கும். தனிக் கேனிலிருந்து குழாய் வழியாகக் கொடுங்கள். ஆயில் ஃபில்டர் வாங்கும்போது ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த என்ஜினில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருப்பதால், வால்வு இல்லையென்றால் ஒவ்வொரு காலையும் முதல் சில நொடிகள் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் சுழலும்.

என்ஜின் ஒருமுறை ஓடிவிட்டது என்பதற்காகக் காரைச் சாலைக்கு எடுத்துவிடக் கூடாது. பிரேக் முழுவதும் புதிதாக வேண்டும், இதில் சிக்கனத்துக்கு இடமே இல்லை. மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கரங்களின் வீல் சிலிண்டர்கள், முன்பக்கக் கேலிப்பர்களின் சீல்கள், நான்கு ரப்பர் குழாய்கள், எல்லா உலோகக் குழாய்களும் மாற்றப்பட வேண்டியவை. உலோகக் குழாயைச் செம்பு நிக்கல் கலவையில் சுருளாக வாங்கி நீங்களே வளைத்து நுனி விரிக்கலாம். கருவியின் விலையைச் சேர்த்தாலும் ஆயத்தக் குழாய்களைவிடச் சிக்கனமாக முடியும், துருவும் பிடிக்காது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு மிக அதிகம். பிரிட்டனில் அதற்கு முழுத்தடை வந்ததே 1999இல்தான். உங்கள் கார் அதற்குப் பிறகு அதிகம் ஓடவில்லை. டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றால் ஊதிவிடாமல், தகுந்த முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு உறையில் கட்டி அகற்றுங்கள்.

எரிபொருள் பாதையும் அப்படித்தான். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் உள்ளிருக்கும் டயாஃப்ரத்தையும் அது இளக்கிவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாற்றிவிட்டு, முடிந்தவரை 5 விழுக்காடு கலந்த உயர்ரகப் பெட்ரோலையே பயன்படுத்துங்கள். இருக்கைக்குப் பின்னாலேயே தொட்டி இருக்கும் காரில் பெட்ரோல் கசிவை அலட்சியம் செய்ய முடியாது.

இப்போது பெரியப்பாவின் ஆயில் விவகாரம். முன்சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத்தண்டின் கீழ்நுனியில் திருகு வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலக் கூட்டுக்குள் திருகி நின்று, நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருகிலேயே சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் கூடாது, இ.பி. 90 என்ற கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது, 6,000 மைலுக்கு ஒருமுறை. கிரீஸ் அடித்தால் அது திருகின் அடிவரை போகாமல் இறுகிவிட, உள்ளே நீர் தங்கி, எஃகுத் தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். கிடந்த காரில் இரண்டு பக்கத்தையும் கழற்றித் திருகைக் கண்ணால் பார்க்காமல் ஓட்டவே கூடாது. இடப்பக்கத் திருகும் வலப்பக்கத் திருகும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதால், கழற்றும்போதே அடையாளமிட்டு வையுங்கள்.

தகட்டு வேலைக்கு வருகிறேன். உங்கள் பணத்தில் பெரும்பகுதியும் பொறுமையில் ஏறத்தாழ முழுவதும் இதற்குத்தான். வெல்டிங்கை வெளியாரிடம் கொடுத்தால் கூலியே உங்கள் நாலாயிரத்தைத் தாண்டிவிடக்கூடும், ஆகவே கற்றுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கல்லூரிகள் மாலை வகுப்பு நடத்துகின்றன. வாயுவோடு இயங்கும் ஒரு சிறிய மிக் வெல்டர், 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, தானாக இருளும் முகக்கவசம் ஆகியவை போதும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வீண்தகடுகளில் குறைந்தது ஒரு மாதம் பழகிய பிறகே காரைத் தொடுங்கள். மெல்லிய தகட்டில் நீளமாக ஒரே கோடாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். அங்கங்கே ஒரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளைப் பிறகு நிரப்ப வேண்டும். தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் தொட்டியைக் கராஜை விட்டே வெளியேற்றுங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம் கராஜிலேயே இருங்கள். என் காரின் தரைவிரிப்புக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய தார்ப்பூச்சு, நான் வெல்டரை அணைத்துக் கால்மணி நேரம் கழித்துப் புகையத் தொடங்கியது. அப்போது நான் அங்கே இருந்ததால்தான் வீடு தப்பியது.

சில் தகட்டை வெட்டுவதற்கு முன் உடல் சேசிஸோடு முழுதாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும், கார் சமதளத்தில் தன் சக்கரங்களிலோ சேசிஸின் அடியில் வைத்த தாங்கிகளிலோ நிற்க வேண்டும், கதவுத் திறப்பின் குறுக்கே முன்தூணையும் பின்தூணையும் இணைத்து ஓர் இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடிக்கும்வரை மறுபக்கத்தைத் தொடக் கூடாது. புதுத் தகட்டை முதலில் திருகுகளாலும் கிளாம்புகளாலும் மட்டும் பிடித்து, கதவை மாட்டி மூடித் திறந்து, இடைவெளி சீராக இருப்பதை உறுதிசெய்த பிறகே நிரந்தரமாகப் பற்றவைக்க வேண்டும். நான் உடலைச் சேசிஸிலிருந்து தூக்கிவிட்டேன். ஒரு டஜன் போல்ட்டுகள் சொச்சம்தான், கழற்றுவது எளிதாக இருந்தது. அரித்த சில்லுகளோடு தூக்கியதால் உடல் நடுவில் மடிந்தது; பிறகு எந்தக் கதவும் எந்தத் திறப்பிலும் சேரவில்லை. அதை நேராக்க ஒரு பட்டறைக்கு நான் கொடுத்த தொகையில் இரண்டு பக்கமும் நல்ல தகடுகளை இருமுறை வாங்கியிருக்கலாம். உங்கள் சேசிஸ் உண்மையிலேயே முறிந்திருந்தாலொழிய உடலைத் தூக்காதீர்கள். அப்படி முறிந்திருந்தால் அந்தக் காரையே வாங்காதீர்கள்.

மின்சாரத்தைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள், தேவையில்லை. இந்தக் காரில் இருக்கும் கம்பிகள் மிகச் சில, அவற்றின் நிறங்களே பேசும்: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவியைத் திருப்பினால் வருவது, பச்சை அந்த மின்சாரமே ஃப்யூஸ் வழியாக வருவது, சிவப்பு பக்கவிளக்கு, நீலம் முகப்புவிளக்கு, கறுப்பு எர்த். இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எரியாத விளக்குகளில் பெரும்பாலானவை கறுப்புக் கம்பி உடலைத் தொடும் இடத்தில் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கியதுமே எரியத் தொடங்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். போல்ட்டுகள் அங்குல அளவு என்பதால் மெட்ரிக் ஸ்பேனர் பொருந்தாது; 7/16, 1/2, 9/16 அங்குல அளவுகள் இருந்தால் வேலையில் முக்கால்வாசி நடக்கும், பழைய பொருள் சந்தைகளில் நல்ல ஸ்பேனர்கள் மலிவாகவே கிடைக்கின்றன. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். தாங்கிகளைப் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்பில் உறுப்பினராகச் சேருங்கள். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பொதுவான அமைப்பு அது. நான் பலமுறை சிக்கியபோது என் கராஜுக்கே வந்து கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவர்கள் அங்கே அறிமுகமான பெரியவர்கள்தாம்.

வண்ணப்பூச்சும் இருக்கைகளும் கடைசி. இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் இன்றைய பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று செலுத்தும் கவசம் இல்லாமல் வீட்டில் அதை அடிக்கவே கூடாது. தேய்த்தல், பட்டி பார்த்தல், பிரைமர் வேலைகளை நீங்களே முடித்துவிட்டு இறுதிப் பூச்சை மட்டும் பட்டறையில் கொடுத்தால் செலவு பெரிதும் குறையும், ஏனெனில் அவர்களின் கூலியில் பெரும்பகுதி அந்த முன்வேலைக்குத்தான். அதற்கும் பணம் போதாவிட்டால் ஓராண்டு கழித்துச் செய்யுங்கள். என் கார் முதல் இரண்டு கோடைகளைச் சாம்பல்நிறத் திட்டுகளோடுதான் ஓடியது. பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் திட்டுகளின் மேல் மலிவான மேல்பூச்சு ஒன்றை மட்டும் தடவியிருந்தேன். அந்த இரண்டு கோடைகளில்தான் எந்தக் கதவு தண்ணீர் விடுகிறது, எந்தத் தகடு அதிர்கிறது என்பதெல்லாம் தெரிந்தன. பெயின்ட் அடித்த பிறகு தெரிந்திருந்தால் மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும்.

சட்டப்படி 40 ஆண்டைக் கடந்த கார் என்பதால், பெரிய மாற்றங்கள் செய்யப்படாதவரை ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, வரலாற்று வாகனமாகப் பதிந்துகொண்டால் சாலை வரியும் இல்லை. ஆயினும் முதல் பயணத்துக்கு முன் அந்தச் சோதனைக்கு நீங்களாகவே கொண்டுபோய்க் காட்டுங்கள். நாள்தோறும் பிரேக்குகளையும் சஸ்பென்ஷனையும் பார்க்கும் ஒருவர் உங்கள் வேலையைக் கீழிருந்து ஒருமுறை பார்ப்பது, சிறு தொகைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி. டயர்கள் புதிதாக இருக்க வேண்டும். காடி ஆழமாகத் தெரிந்தாலும் இருபது ஆண்டுப் பழைய ரப்பர் உள்ளுக்குள் வெடிப்பு விட்டிருக்கும்.

ஆகவே இந்தச் சனிக்கிழமை காந்தத்தோடும் டார்ச்சோடும் துணைக்கு ஒருவரோடும் போய் வாருங்கள். சில்லுகள், ரேடியஸ் ஆர்ம் பூட்டும் இடங்கள், சேசிஸ் கோபுரங்கள், பானட், கிராங்க் புல்லி ஆகிய ஐந்தையும் பார்த்துக் குறித்துவிட்டு எழுதுங்கள். சில்லுகள் மட்டும் அரித்திருந்தால் உங்கள் பணத்துக்குள் முடிக்கலாம். சில்லுகளோடு பானட்டும் போயிருந்தால் இந்தக் காரை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள், இங்கிலாந்தின் கராஜ்களில் இன்னும் ஸ்பிட்ஃபயர்கள் கிடக்கின்றன.